சாய டின்னில் இருந்த மாத்திரைகள்

எங்கள் தெருவில் கிருத்திகைக்கு விரதம் இருக்காத பெண்பிள்ளை நான் ஒருத்திதான். காலையில் எழுந்ததும் வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. முருகனோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. வெறும் வயிற்றோடுதான் சண்டை. என் வீட்டுக்காரரை அந்த வெறும் வயிறுதான் கொண்டுபோயிற்று என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நான் நகராட்சிப் பள்ளியில் டீச்சர். கல்யாணமான புதிதில் கேலிக்காக என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி முதல் பத்து வருஷம் ஊரே பேசியது, அப்புறம் ஊருக்கும் சலித்துப்போயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், பின்கட்டில் சாயப்பட்டறையும்தான்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு செப்பு அண்டா, அதற்கு ஒரு விறகு அடுப்பு, பட்டு நூல் சிட்டங்களை மாட்டிச் சாயத் தண்ணீரில் புரட்டுவதற்குச் சில மூங்கில் கழிகள். சுவரில் ஒரு பலகை. அந்தப் பலகையில் சாயத்தூள் டின்கள். அந்த டின்களைச் சாயக்காரரைத் தவிர வேறு கை தொடக்கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லாச் சாயக்காரர் வீட்டிலும் இதுதான் சட்டம். ஒரு டின்னின் கரண்டி இன்னொரு டின்னுக்குள் போய்விட்டால் ஒரு முகூர்த்தப் புடவையே போய்விடும். புதுப் பெண்டாட்டியாக வந்த நான் ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று பலகைப் பக்கம் போனேன். அவர் அன்றைக்குப் போட்ட கூச்சலில் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

சாயத்தூள் கம்பெனிப் பாக்கெட்டில் வரும். பாக்கெட்டின்மேல் என்னென்னவோ பெயர் அச்சடித்திருக்கும். அவர் அதைப் படிக்கவே மாட்டார். பாக்கெட்டைக் கிழித்துத் தூளை டின்னில் கொட்டுவார். ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு துண்டுப் பட்டு நூலை முக்கி எடுப்பார். என்ன நிறம் ஏறுகிறதோ அந்த நூலையே டின்னின் கழுத்தில் கட்டிவிடுவார். பாக்கெட் அடுப்புக்குள் போகும்.

"பேர்ல இன்னா இருக்குது டீச்சர். ஒரே பேரை வெச்சிக்கினு ரெண்டு கம்பெனிக்காரன் ரெண்டு கலர் அனுப்புவான். கண்ணால பாத்தாதான் நமக்குக் கணக்கு" என்பார்.

அவருடைய கண் அப்படி. எனக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. அவருக்கோ சிவப்பில் ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது. அரக்கு, குங்குமம், மிளகாய்ப்பழம், மாதுளை என்று ஒவ்வொன்றையும் உறவு சொல்லி அழைப்பார்.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்குச் சர்க்கரை வந்தது. அது வந்த விதம் எல்லார் வீட்டிலும் வந்த விதம்தான். தாகம், இளைப்பு, பாத்ரூமுக்கு நடை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த நாளில் அங்கே மாத்திரையைப் பட்டையாகத் தரமாட்டார்கள். உதிரியாக அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வெள்ளை மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் அவர் காலி டின் ஒன்றைக் கழுவித் துடைத்து, மாத்திரைகளை அதில் கொட்டி, கழுத்தில் சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு நூலைக் கட்டிப் பலகையில் வைத்தார். "மாத்திரைக்குமா டின்?" என்று சிரித்தேன். "அப்பத்தான் மறக்க மாட்டேன்" என்றார். அப்புறம் பிரஷர் என்று மஞ்சள் மாத்திரை வந்தது. அதற்கு ஒரு டின், மஞ்சள் நூல். இதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் டப்பாவைவிட ஒழுங்காக இருந்தது.

கண்ணில் கோளாறு என்று தெரிந்தது ஒரு மயில் கழுத்தினால். அடுத்த தெரு நெசவாளி ஒருவர் தன் மகள் கல்யாணப் புடவைக்குத் தானே தறியில் உட்காருவதாக இருந்தார். பட்டைக் கொண்டுவந்து கொடுத்து, மயில் கழுத்து நிறம் வேண்டும் என்றார். நீலமும் பச்சையும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கிற நிறம் அது. என் வீட்டுக்காரர் அதற்குப் பெயர் போனவர். நூலைக் காயவைத்து வாங்கிப் போன மறுநாள், நெசவாளி அதைத் துண்டுக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு திரும்ப வந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காத. இது மயில் கழுத்து இல்லண்ணே. கிளிப்பச்சையா இருக்குது."

"நெழல்ல பாத்திருப்பே."

"வெயில்லயும் பாத்தம்பா."

அவர் நூலை வாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார். தூக்கிப் பிடித்தார். திருப்பினார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். நெசவாளி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெசவாளியை அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரர் நூலோடு அடுப்படிக்கு வந்து என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், இது இன்னா கலரு?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் நிறம் கேட்டது அதுதான் முதல் தடவை. "பச்சைங்க" என்றேன். "நல்லாப் பாரு" என்றார். நல்லாப் பார்த்தேன். பச்சைதான். அவர் நூலைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் அதையே பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் பட்டறைக்குப் போய் நிற்பது என் வேலையாயிற்று. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர நூலை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். "நீலம் தூக்கலா?" என்று கேட்பார். "கொஞ்சம்." "கொஞ்சம்னா எத்தினி?" இதற்கு நான் என்ன பதில் சொல்வது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்குக் கேட்கிற வாத்தியார் மாதிரி அவர் கேட்பார், நான் விழிப்பேன். இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். வெளியே யாருக்கும் தெரியாது. சாயக்காரருக்கு நிறம் தெரியவில்லை என்று தெரிந்தால் யார் பட்டைக் கொடுப்பார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. அங்கே பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனோம். மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். கண்ணுக்கு உள்ளே இருக்கிற திரையைச் சர்க்கரை அரித்துவிட்டது. போன பார்வை வராது. லேசர் வைத்தால் மிச்சம் இருப்பதைப் பிடித்து நிறுத்தலாம். தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும்.

"ஆனா சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கும்போது வைக்க முடியாதும்மா. முதல்ல அதைக் குறைங்க. குறைஞ்சிருக்குன்னு உங்க சர்க்கரை டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே வச்சிடலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் மருந்தில் விரிந்த கண்பாப்பாவோடு, கைக்குட்டையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவர் சொன்னார். "இருக்கற கலரு நின்னா போதும் டீச்சர். வேற ஒண்ணும் வாணாம்." அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சர்க்கரை இறங்க வேண்டும், லெட்டர் வாங்க வேண்டும், லேசர் வைக்க வேண்டும்.

எந்தச் சர்க்கரை டாக்டர் என்பதில்தான் வம்பு. அரசு ஆஸ்பத்திரியில் விடியற்காலையே போய் வரிசையில் நிற்பார். உள்ளே போனால் போன மாதம் இருந்த டாக்டர் இருக்கமாட்டார். புதிதாக இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்பார். "சாப்பிடறேன் சார்." "ரெண்டு வேளையா போடுங்க." லெட்டர் என்று வாயைத் திறந்தால், "எங்கே காட்டினீங்களோ அங்கேயே கேளுங்க." சரி என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாயந்திரத்தில் உட்காருகிற ஒரு தனி டாக்டரிடம் போனார். அவர் வேறு மாத்திரை எழுதினார், வெளிர் நீலம். கண் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனபோது அங்கேயும் ரத்தம் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார். "இன்னும் இறங்கலையே" என்று அவரும் ஒன்று எழுதினார். அது ரோஸ் நிறம்.

ஒரு டாக்டரிடம் போவதை என் வீட்டுக்காரர் இன்னொருவரிடம் சொல்லமாட்டார். அவர் மட்டுமா, எங்கள் தெருவில் யாருமே சொல்லமாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சொன்னால், "அங்க போறவங்க இங்க ஏன் வர்றீங்க" என்று எல்லார் எதிரிலும் கேட்பார்கள். தனி டாக்டரிடம் சொன்னால் முகம் மாறும். நெசவாளிகூட ஒரு சாயக்காரரிடம் போய், போன தடவை பட்டை வேறு ஒருவரிடம் கொடுத்தேன் என்று சொல்லமாட்டார். அது மரியாதைக் குறைவு. டாக்டருக்கும் அதே மரியாதையைத்தான் எங்கள் ஜனங்கள் கொடுத்தார்கள்.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு புடவைக்கு உண்டான பட்டை இரண்டு அண்டாவில் பிரித்துப் போடக்கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பிரித்துப் போட்டால் பாதிப் புடவை ஒரு நிறம், பாதிப் புடவை ஒரு நிறம் ஆகிவிடும். ஒரு மனுஷனின் உடம்பை மட்டும் கண் ஒரு ஊரில், ரத்தம் ஒரு தெருவில், மாத்திரை ஒரு ஜன்னலில் என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே பஸ் ஏறி இறங்கி ஓடுகிற வேலை நோயாளியுடையது. கண் மங்கிய நோயாளி.

அவர் மாத்திரையைக் கொண்டுவந்ததும் எப்போதும் செய்கிறதைச் செய்தார். பட்டையைப் பிரித்து உதிர்த்தார், பட்டையை அடுப்பில் போட்டார், புது நிறத்துக்குப் புது டின் எடுத்தார். பலகையில் மாத்திரை டின்கள் நாலாயின. நிறம் வேறு என்றால் சரக்கு வேறு. முப்பது வருஷம் அப்படித்தான் அவர் வாழ்ந்திருந்தார், ஒரு தடவையும் தப்பாய்ப் போனதில்லை. வேளை தவறாமல் நாலு டின்னையும் திறந்தார். லேசர் வைக்க வேண்டும் என்ற வெறியில், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பத்தியம் தவறவில்லை. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் கேட்டு வாங்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

சர்க்கரை இறங்கத்தான் செய்தது. கூடவே மத்தியானத்துக்கு முன்னால் அவருக்கு உடம்பு வேர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று விழுந்தார். சனிக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது பார்த்தேன், சட்டை போடாத முதுகில் தண்ணீர் ஊற்றினாற்போல் ஓடியது. "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று தொந்தரவு செய்து தனி டாக்டரிடம் நானே கூடப் போனேன்.

"ரொம்ப வேர்க்குது சார்" என்றார் அவர்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"சாயப்பட்டறை சார்."

"கொதிக்கிற அண்டா பக்கத்துல நின்னா வேர்க்காம என்ன செய்யும்?" டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வேறு தொழில் செய்கிறவருக்கு வேர்த்திருந்தால் ஒருவேளை யாராவது யோசித்திருப்பார்கள். சாயக்காரருக்கு வேர்ப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது.

அன்றைக்கே லெட்டரும் கிடைத்தது. சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் எனக்கு மல்லிப்பூ வாங்கினார். பூக்காரம்மா, "இன்னா விசேஷம்?" என்றாள். "கண்ணு கல்யாணம்" என்றார். கண் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும், அங்கே வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், பிறகு லேசர். அரசு ஆஸ்பத்திரி மாத்திரை ஜன்னலில் எப்போதும் சொல்லுவது, என்ன ஆனாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. அவர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். சாப்பிடவில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை.

விடிந்ததும் பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஊர் எல்லை தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தார். லேசர் வைத்துவிட்டு வந்ததும் அந்த நெசவாளி வீட்டுக்குப் போய், மறுபடியும் பட்டு வாங்கி மயில் கழுத்து போட்டுக் கொடுக்க வேண்டும், கூலி வாங்கக்கூடாது என்றார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையே பிறந்துவிட்டது என்றேன். "காதுகுத்துக்குக் கட்டிக்கட்டும், அந்தக் கொழந்த காதுகுத்துக்கு" என்றார். அப்புறம் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முந்தின ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. தூங்கட்டும் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஊர் பார்க்க, பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்ததே இல்லை. கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வந்தபோது என் ரவிக்கைத் தோள் ஈரமாகிவிட்டதைப் பார்த்தேன். வேர்வை. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். காற்று வந்தது. அவர் முடி பறந்தது. நல்ல தூக்கம் என்று நினைத்தேன். பூந்தமல்லியில் இறங்க வேண்டும், எழுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஊசியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சர்க்கரை தரையில் கிடந்தது, ரொம்ப நேரமாக அப்படியே கிடந்திருக்கிறது, மூளை தாங்கவில்லை என்றார்கள். "என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார்கள். வெள்ளை, மஞ்சள், நீலம், ரோஸ் என்றேன். அந்த டாக்டர் பேனாவை மூடிவிட்டார். நிறத்தை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார். "சாப்பிடாம மாத்திரை போட்டிருக்கார், அதுதான்" என்றார். அதுதான் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அவர் கண் திறக்கவே இல்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முடிந்து கொஞ்ச நேரத்தில் கண் வங்கியிலிருந்து இரண்டு பேர் கட்டில் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்கள், கண்ணைத் தானமாகக் கொடுப்பீர்களா என்று.

"அவரு கண்ணு கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

"உள்ளே இருக்கிற திரைதான்மா கெட்டது. முன்னாடி இருக்கிற கருவிழி நல்லா இருக்கு. ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்."

எத்தனை பஸ் ஏறியிருப்போம் அந்தக் கண்ணுக்காக. ஒரு லெட்டருக்காக எத்தனை வாசலில் நின்றிருப்போம். கண்ணைப் பார்க்கிறவர்கள் சர்க்கரை நோயாளியின் கட்டிலுக்குத் தாங்களாகவே நடந்து வந்தது அன்றைக்கு மட்டும்தான். அவர்கள் நல்ல பிள்ளைகள், அவர்கள் வேலை அது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். யாரோ இரண்டு பேர் நிறம் பார்க்கட்டும்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் சிலர், "டீச்சரா இருந்துக்கினு நீ கவனிக்கலையாம்மா?" என்றார்கள். கவனிக்கிறதற்கு மூன்று டாக்டர்கள் இருந்தார்கள், அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். செய்யாத தப்பைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அழுகிற ஜாதி நான் இல்லை. அழுவதற்கு அவர் இல்லாததே போதுமானதாக இருந்தது. பட்டறையைப் பூட்டினேன். அண்டாவை விற்றேன். பலகையில் இருந்த டின்களை மட்டும் தொடவில்லை. தொடக்கூடாது என்பது பழகிப்போயிருந்தது.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் கழித்து எனக்கே சர்க்கரை வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் இடமே மாறியிருந்தது. ஒரு நீளமான கூடம், ஒரே சீட்டு. முதல் மேஜையில் ரத்தம், அடுத்ததில் பிரஷர், அதற்கடுத்து ஒரு பெண் காலைத் தூக்கச் சொல்லிப் பாதத்தைக் குத்திப் பார்க்கிறாள், கடைசியில் ஒரு பெட்டிக்குள் முகத்தைவைத்தால் கண்ணைப் படம் எடுக்கிறார்கள். யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. ஒரு மேஜையில் எழுதியதை அடுத்த மேஜையில் படித்தார்கள். நல்ல ஏற்பாடு. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மேஜைகளை இப்படி வரிசையாகப் போடுவதற்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என்ன குறைச்சல் என்று யாரையாவது பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது. யாரைக் கேட்பது.

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா, ஒரு மஞ்சள் பையை நர்ஸ் மேஜையில் கவிழ்த்தாள். வீட்டில் இருந்த எல்லா மாத்திரையும். நர்ஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இரண்டைத் தனியே தள்ளினாள்.

"ஆயா, இதும் அதும் ஒண்ணுதான். கலர்தான் வேற, மருந்து ஒண்ணு. ரெண்டையும் போடாதே."

அதற்கப்புறம் நர்ஸ் என்னிடம் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அடுத்த தடவை நானும் எல்லா மாத்திரையும் கொண்டுவர வேண்டும், தனி டாக்டர் கொடுத்தது என்றாலும் திட்டமாட்டோம் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பட்டறைப் பூட்டைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலகையில் கைவைத்தேன். நாலு டின்னையும் இறக்கித் துடைத்தேன். வெள்ளை மாத்திரைக்கு வெள்ளை நூல். மஞ்சளுக்கு மஞ்சள். ரோஸுக்கு ரோஸ். நீல மாத்திரை டின்னின் கழுத்தில் அவர் கட்டியிருந்தது கிளிப்பச்சை நூல். நீலம் என்று நினைத்துத்தான் கட்டியிருப்பார். கண் அவ்வளவு மோசமாகியிருந்ததை மறைத்திருக்கிறார் என்னிடம். அங்கேயே தரையில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அடுத்த தடவை என் மாத்திரையோடு அந்த டின்களையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நர்ஸ் மூடியைத் திறந்து காகிதத்தில் கொட்டினாள். ரோஸையும் நீலத்தையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மேலே பொறித்திருந்த எழுத்தைப் படித்தாள். வெள்ளையை, மாத்திரை ஜன்னலில் ரொம்ப வருஷமாக உட்கார்ந்திருக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

"மஞ்சள் பிரஷருக்கும்மா. மீதி மூணும் ஒரே மருந்து, சர்க்கரைக்கு. மூணையும் சேத்துப் போட்டா ஆளு வேர்த்து மயங்கிடுவாங்க. சாப்பிட்டிருந்தாலும் ஆபத்துதான். யாரு சாப்பிடறாங்க இதை?"

"எங்க வீட்டுக்காரரு."

"இதெல்லாம் ரொம்பப் பழசா வேற இருக்குது. தூக்கிப் போட்டுடுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா. அடுத்த தடவ வரும்போது அவரையும் கூட்டிக்கினு வாங்க. சர்க்கரை, கண்ணு, காலு எல்லாம் இங்கயே ஒண்ணா பாத்துடலாம். எங்கயும் அலைய வாணாம்."

"சரிம்மா" என்றேன். "கூட்டிக்கினு வர்றேன்."

பின்னால் நின்றிருந்தவருக்கு இடம் விட்டு, டின்களை ஒவ்வொன்றாக மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.